டிஸ்ட்ரிபியூட்டரில் கை வைக்குமுன்

பழைய அம்பாசடர் வாங்கியவர் முதல் மாதத்திலேயே செய்யத் துடிக்கும் வேலை ஒன்று உண்டு. பிளக்குகளுக்கு ஸ்பார்க்கைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் சிபி பாயிண்ட்டை (காயில் கரண்ட்டைத் துண்டித்து ஸ்பார்க் தரும் சுவிட்சை) தூக்கி எறிந்துவிட்டு எலக்ட்ரானிக் மாட்யூல் மாட்டுவது. பாயிண்ட்தான் எல்லாத் தொல்லைக்கும் காரணம் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். மாட்டியபின் வண்டி முதல் கிக்கில் பிடிக்கும், ஐடில் கொஞ்சம் சீராகும். ஆனால் பிக்கப் அப்படியேதான் இருக்கும், மேட்டில் ஏறும்போது அடிக்கும் நாக்கிங்கும் அப்படியே இருக்கும். ஷாஃப்டைத் தாங்கும் தேய்ந்த புஷ், தளர்ந்த ஸ்பிரிங், ஓட்டை விழுந்த வேக்குவம் டயஃப்ரம் மூன்றும் அந்தப் புது மாட்யூலுக்கு அடியில் பழையபடியே உட்கார்ந்திருக்கின்றன.

ஆகவே வரிசை இது: எந்த டிஸ்ட்ரிபியூட்டர் என்று கண்டுபிடிப்பது, அதன் ஆட்டத்தை அளப்பது, அட்வான்ஸை (பிஸ்டன் உச்சிக்கு வருமுன் எத்தனை டிகிரியில் ஸ்பார்க் விழுகிறது என்பதை) சரிசெய்வது, அதற்குப் பிறகுதான் எலக்ட்ரானிக். இங்கே சொல்வது 1489 சிசி பி-சீரிஸ் எஞ்சினையும் அதில் வரும் லூகாஸ் வகை டிஸ்ட்ரிபியூட்டரையும் வைத்து. பத்மினி, ஹெரால்ட் வைத்திருப்பவர்களுக்கும் முறை இதுவே. பயரிங் ஆர்டர் அவற்றிலும் 1-3-4-2தான். ரோட்டர் சுற்றும் திசையை மட்டும் கேப்பை (மேல்மூடியை) கழற்றி, ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லி உங்கள் கண்ணால் பாருங்கள். அம்பாசடரில் மேலிருந்து பார்த்தால் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசை.

ஒரு கணக்கை முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் டிஸ்ட்ரிபியூட்டர் ஒரு சுற்று. அதனால் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பொறித்திருக்கும் டிகிரி எதுவானாலும் கிராங்கில் அது இரண்டு மடங்கு. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு தவறான டைமிங் வைத்த வண்டிகள் நிறைய.

கையில் இருப்பது எது?

தேவையானவை: டார்ச், பழைய பல்துலக்கும் பிரஷ், கொஞ்சம் மண்ணெண்ணெய், கைபேசி கேமரா. கழற்ற வேண்டியதில்லை. உடம்பில் உள்ள எண்ணெய்ப் பிசுக்கைத் தேய்த்து எடுத்தால் பொறித்த எழுத்து தெரியும்.

இங்கிலாந்து லூகாஸ் என்றால் மாடல் பெயரும், 40 அல்லது 41 என்று தொடங்கும் 5 இலக்க எண்ணும் இருக்கும். பக்கத்திலேயே இன்னொரு சின்ன எண் தேதியைச் சொல்லும்: முதலில் வாரம், பிறகு வருடம். 23 68 என்றிருந்தால் 1968ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். எந்த வண்டிக்கு எந்த அட்வான்ஸோடு செய்தார்கள் என்பது அந்த 5 இலக்க எண்ணில் அடங்கியிருக்கிறது. 25டி4 என்பது மாடல் மட்டுமே. ஒரே 25டி4 பல வண்டிகளுக்குப் பல விதமான அட்வான்ஸோடு வந்தது.

எழுத்து தேய்ந்துபோயிருந்தால் உருவத்தை வைத்துச் சொல்லலாம். வேக்குவம் டப்பாவுக்கு (எஞ்சினின் உறிஞ்சலால் டைமிங்கை நகர்த்தும் டப்பாவுக்கு) எதிர் முனையில் விரலால் திருகும் பல்வெட்டிய நட்டு இருந்தால், அதன் பக்கத்தில் ஏ (அட்வான்ஸ்), ஆர் (ரிடார்ட், அதாவது தாமதம்) என்று அம்புக்குறியும் இருந்தால், அது டிஎம்2 அல்லது 25டி4 குடும்பம். 45டி4இல் அந்த நட்டு கிடையாது. வேக்குவம் டப்பா இரண்டு ஸ்க்ரூவில் உடம்போடு பிடித்திருக்கும். வேக்குவம் டப்பாவே இல்லாத உருவம் 43டி4. 25டி4 இருந்த இடத்தில் 45டி4 உட்காரும், ஓடவும் செய்யும். ஆனால் நட்டு போய்விடுவதால் டைமிங்கை நுணுக்கமாக மாற்றும் வசதியும் போய்விடும். பெங்களூரில் வண்டி வைத்திருப்பவருக்கு அந்த நட்டு எவ்வளவு பெரிய வசதி என்பது கடைசியில் வருகிறது. கையில் 25டி4 இருந்தால் அதையே காப்பாற்றுங்கள்.

வேக்குவம் டப்பாவின் மேலும் மூன்று எண்கள் பொறித்திருப்பார்கள். 5, 17, 8 என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். 5 அங்குலப் பாதரச வேக்குவத்தில் நகரத் தொடங்கும், 17 அங்குலத்தில் முழுதாக நகர்ந்திருக்கும், மொத்த நகர்வு 8 டிகிரி என்று பொருள். இந்த 8 டிஸ்ட்ரிபியூட்டர் டிகிரி, கிராங்கில் 16.

அடுத்த எண் உள்ளே இருக்கிறது. கேப்பையும் ரோட்டரையும் எடுத்து, பாயிண்ட் உட்கார்ந்திருக்கும் தட்டைக் கழற்றினால், கேமின் அடியில் வெயிட்டுகளோடு சேரும் கால் தெரியும். அதில் 10 அல்லது 13 அல்லது 15 போல ஓர் எண் இருக்கும். மெக்கானிக்கல் அட்வான்ஸின், அதாவது வேகம் கூடும்போது வெயிட்டுகள் விரிந்து தரும் அட்வான்ஸின், உச்ச அளவு அதுதான். 15 என்றால் கிராங்கில் 30.

வெளியில் உள்ள எண்ணும் உள்ளே உள்ள எண்ணும் ஒன்றுக்கொன்று பொருந்தும் என்று நினைத்துவிடாதீர்கள். ஐம்பது வருடத்தில் எத்தனையோ கைகள் பட்டிருக்கும். ஒரு வண்டியின் உடம்பு, இன்னொன்றின் கேம், மூன்றாவதின் வேக்குவம் டப்பா என்று கலந்து கட்டியதுதான் பெரும்பாலும் கிடைக்கிறது. எண் ஒரு தடயம். தீர்ப்பைச் சொல்ல வேண்டியது டைமிங் லைட்.

பழையது வாங்கப் போனால்

பெங்களூரில் புது உதிரிக்கு ஜே.சி. ரோடு, பழைய முழு டிஸ்ட்ரிபியூட்டருக்குச் சிவாஜிநகர் குஜரிக் கடைகள், மீட்டர், வயர், கெபாசிட்டருக்கு எஸ்.பி. ரோடு. சிவாஜிநகரில் தமிழிலேயே பேசி வாங்கலாம். உங்கள் பழைய டிஸ்ட்ரிபியூட்டரைக் கையோடு கொண்டுபோங்கள். கீழ்முனையில் எஞ்சினோடு கோர்க்கும் டாக் இரண்டிலும் ஒன்றுபோல இருக்கிறதா, உடம்பின் கழுத்து நீளம் ஒன்றா என்று பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

கடையிலேயே செய்யக்கூடிய சோதனைகள் மூன்று. ஷாஃப்டின் மேல்முனையைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். டக் டக் என்று கைக்குத் தட்டினால் புஷ் போயிற்று. கீழே டாக்கை ஒரு கையால் இறுகப் பிடித்துக்கொண்டு ரோட்டரைச் சுற்றும் திசையில் திருகி விடுங்கள். திருகும்போது இழுக்க வேண்டும், விட்டதும் துள்ளித் திரும்ப வேண்டும். அசையவே இல்லை என்றால் கேம் ஷாஃப்டோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. தொளதொளவென்று போய்த் திரும்பாமல் நின்றுவிட்டால் ஸ்பிரிங் இல்லை. மூன்றாவதாக, வேக்குவம் குழாயில் ஒரு ரப்பர் டியூபை மாட்டி வாயால் உறிஞ்சி, நாக்கால் அடைத்துப் பிடியுங்கள். தட்டு நகர்ந்து, பத்து எண்ணும்வரை அங்கேயே நிற்க வேண்டும். மெதுவாகத் திரும்பிவிட்டால் டயஃப்ரம் கிழிந்திருக்கிறது. புஷ் மாற்றலாம், ஸ்பிரிங் தேடலாம். கிழிந்த டயஃப்ரத்துக்கு டப்பாவையேதான் மாற்றியாக வேண்டும். விலை பேசும்போது இதைக் கணக்கில் எடுங்கள்.

வண்டியில் இருக்கும்போதே அளப்பது

டுவெலும் (பாயிண்ட் மூடியிருக்கும் கோணம்) ஆர்பிஎம்மும் காட்டும் வண்டி மல்டிமீட்டர் ஒன்றும், பெட்ரோல் எஞ்சினுக்கான டைமிங் லைட் ஒன்றும் வாங்கிவிடுங்கள். இந்த இரண்டும் இல்லாமல் டிஸ்ட்ரிபியூட்டரை மாற்றியமைக்க இறங்காதீர்கள்.

பாயிண்ட் முழுதாகத் திறந்திருக்கும் நிலையில் இடைவெளி 0.014 முதல் 0.016 அங்குலம், அதாவது 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர். ஃபீலர் கேஜ் லேசாக உரசிக்கொண்டு போக வேண்டும். பழைய பாயிண்ட்டில் ஒரு முகத்தில் குழியும் மறுமுகத்தில் மேடும் இருப்பதால் ஃபீலர் பொய் சொல்லும். அப்போது டுவெல் மீட்டர்தான் உண்மை: 25டி4க்கு 60 டிகிரி, 3 டிகிரி கூடக் குறைய இருக்கலாம்.

இந்த இடைவெளியும் டைமிங்கும் ஒன்றோடொன்று கட்டப்பட்டவை. இடைவெளி குறைந்தால் டுவெல் கூடும், பாயிண்ட் தாமதமாகத் திறக்கும், டைமிங் ரிடார்ட் ஆகும். 1 டிகிரி டுவெல் மாற்றம் கிராங்கில் ஏறக்குறைய 1 டிகிரி டைமிங்கை நகர்த்தும். பாயிண்ட்டின் ஃபைபர் குதிகால் தேயத் தேய வண்டி மந்தமாவது இதனால்தான். முதலில் இடைவெளி, பிறகு டைமிங். வரிசை மாறினால் இரண்டு வேலையும் வீண்.

இப்போது ஐடிலில் டுவெலைக் குறித்துக்கொண்டு, எஞ்சினை 2000 ஆர்பிஎம்முக்கு ஏற்றிப் பாருங்கள். வேக்குவம் குழாயைக் கழற்றி, முனையை அடைத்துவிட்டுச் செய்ய வேண்டும். 3 டிகிரிக்கு மேல் டுவெல் மாறினால் ஷாஃப்ட் ஆடுகிறது. குழாயை மாட்டும்போது மட்டும் மாறினால் தட்டு தேய்ந்து சாய்கிறது.

இன்னொரு அளவையும் எடுங்கள். பாயிண்ட் மூடியிருக்க, சாவியைப் போட்டு, டிஸ்ட்ரிபியூட்டரின் பக்கவாட்டு டெர்மினலுக்கும் எஞ்சின் உடம்புக்கும் இடையே வோல்ட் பாருங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். அதிகமிருந்தால் பாயிண்ட் முகம் கருத்திருக்கிறது, அல்லது தட்டை உடம்போடு இணைக்கும் சின்னப் பின்னல் எர்த் வயர் உள்ளுக்குள் அறுந்திருக்கிறது. இந்த வயர் மேலே துணி சுற்றி நன்றாகத்தான் தெரியும். தட்டு நகரும்போதெல்லாம் மடங்கி மடங்கி உள்ளே இழை அறுந்துபோகும். ஆக்சிலேட்டர் கொடுத்தால் மட்டும் மிஸ்ஸிங் அடிக்கிறது, நின்ற இடத்தில் சரியாக ஓடுகிறது என்றால் முதலில் இதைப் பாருங்கள்.

அட்வான்ஸ் வரைபடம்

இந்த வேலைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையை ஒதுக்குங்கள். நுட்பம் முழுக்க இங்கேதான்.

புல்லியில் டிடிசி (பிஸ்டன் உச்சியில் நிற்கும் நிலை) அடையாளம் ஒன்றுதான் இருக்கும். பல பழைய எஞ்சின்களில் டைமிங் கவரின் முள் அடிப்பக்கமாக இருப்பதால் குனிந்து பார்க்க வேண்டும். அதைச் சுத்தம் செய்து வெள்ளை பெயின்ட் தடவுங்கள். பிறகு 10, 20, 30, 40 டிகிரிக்கு நீங்களே கோடு போடுங்கள். கணக்கு எளிது: புல்லியின் விட்டத்தை 3.14ஆல் பெருக்கி 36ஆல் வகுத்தால் 10 டிகிரிக்கான நீளம். விட்டம் 130 மில்லிமீட்டர் என்றால் 11.3 மில்லிமீட்டர். ஒரு காகித நாடாவில் அளவைக் குறித்து விளிம்பில் சுற்றி ஒட்டி, அதை வைத்துக் கோடு போட்டால் பிசகாது. கோடுகள் எந்தப் பக்கம் என்பது முக்கியம். எஞ்சின் சுற்றும்போது டிடிசி கோட்டுக்கு முன்னால் முள்ளைத் தொடும் பக்கத்தில் அவை இருக்க வேண்டும்.

வேக்குவம் குழாயைக் கழற்றி அடைத்து, டைமிங் லைட்டை 1ஆம் பிளக் வயரில் மாட்டி, 800, 1200, 1600, 2000, 2500, 3000, 3500 ஆர்பிஎம்மில் எத்தனை டிகிரி என்று எழுதுங்கள். ஏறும்போது ஒருமுறை, இறங்கும்போது ஒருமுறை. ஒருவர் ஆக்சிலேட்டரைப் பிடிக்க, ஒருவர் லைட் அடிக்க. லைட் அடிப்பவர் துண்டு, தொங்கும் சட்டை எதுவும் இல்லாமல் ஃபேனுக்குத் தள்ளி நிற்க வேண்டும். சதுரக் கட்டத் தாளில் புள்ளி வைத்து இணைத்தால் ஒரு கோடு கிடைக்கும்: முதலில் செங்குத்தாக ஏறி, நடுவில் வளைந்து, பிறகு மெதுவாக ஏறி, கடைசியில் படுத்துவிடும்.

ஏன் வளைகிறது? உள்ளே இரண்டு ஸ்பிரிங். ஒன்று மெல்லியது, எப்போதும் இழுவையில் இருக்கும். மற்றது தடித்தது, அதன் வளையம் ஆணியைவிடப் பெரியதாக, தொளதொளவென்று இருக்கும். வெயிட்டுகள் ஓரளவு விரிந்த பிறகுதான் தடித்த ஸ்பிரிங் இழுக்கத் தொடங்கும். அந்தத் தொளதொளப்பைக் கழன்ற ஸ்பிரிங் என்று நினைத்து, மெல்லிய ஸ்பிரிங் இரண்டைப் போட்டுவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. அப்படிச் செய்தால் 1500 ஆர்பிஎம்முக்குள் மொத்த அட்வான்ஸும் வந்துவிடும். பெங்களூரு சில்க் போர்டு நெரிசலில் இரண்டாம் கியரில் உருட்டும்போதே நாக்கிங் கேட்கும். தளர்ந்த ஸ்பிரிங்கை வளைத்துக் குட்டையாக்குவதும், இழுத்து நீட்டுவதும் கூடாது. இரண்டு நாளில் பழைய நிலைக்கே வந்துவிடும்.

வரைபடம் வேறு செய்திகளும் சொல்லும். ஐடிலில் கோடு நிலையில்லாமல் அலைந்தால் மெல்லிய ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது, அல்லது ஷாஃப்ட் ஆடுகிறது. ஏறும்போது ஓர் அளவும் இறங்கும்போது கூடுதல் அளவும் காட்டினால் பழைய கிரீஸ் கெட்டித்துப்போய் வெயிட் ஒட்டுகிறது. ஏறவே இல்லை என்றால் கேம் இறுகியிருக்கிறது.

இனி மொத்தக் கணக்கு. இந்த எஞ்சினுக்கு வேக்குவம் இல்லாமல் மொத்த அட்வான்ஸ் 30 முதல் 32 டிகிரிக்குள் நிற்பது பத்திரம். உங்கள் கேமில் 15 என்று இருக்கிறது, ஐடிலில் 10 டிகிரி வைத்திருக்கிறீர்கள் என்றால் மொத்தம் 10 கூட்டல் 30, ஆக 40. இது அதிகம். அதைக் குறைக்க ஐடில் டைமிங்கை 2 டிகிரிக்கு இறக்கினால் உச்சம் சரியாகும், ஆனால் புறப்படும்போது வண்டி செத்துப்போகும், எஞ்சினும் சூடாகும். சரியான வழி, ஐடிலில் 10ஐ வைத்துக்கொண்டு மெக்கானிக்கல் அளவைக் கிராங்கில் 22ஆக, டிஸ்ட்ரிபியூட்டரில் 11ஆகக் குறைப்பது.

அதற்கு இரண்டு வழி. குறைந்த எண் உள்ள கேம் தேடி மாற்றுவது ஒன்று. புதிதாகத் தொடங்குபவர்களுக்கு இதுவே நல்லது. மற்றது, கேமின் கால் போய் முட்டும் முனையில் பித்தளைப் பற்றாசு வைத்து, அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாக ராவி 11 டிகிரிக்கு நிறுத்துவது. லேத் கடையில் கொடுக்கும்போது கேமின் மேல்பகுதியை ஈரத்துணியால் சுற்றச் சொல்லுங்கள். அந்த முகம் கடினப்படுத்தப்பட்டது; சூடு ஏறினால் மென்மையாகி, பாயிண்ட்டின் குதிகால் அதை உழுதுவிடும்.

கழற்றிப் பிரிப்பது

பேட்டரி டெர்மினலைக் கழற்றுங்கள். 1ஆம் சிலிண்டரின் பிளக்கை எடுத்து ஓட்டையில் கட்டைவிரலை வைத்துக்கொண்டு, ஹேண்டில் போட்டு எஞ்சினைச் சுற்றுங்கள். காற்று விரலைத் தள்ளும்போது அது கம்ப்ரெஷன். அப்படியே டிடிசிக்குக் கொண்டுவாருங்கள். ரோட்டர் எந்தப் பக்கம் பார்க்கிறது, உடம்பு பிளாக்கில் எப்படி உட்கார்ந்திருக்கிறது இரண்டையும் படம் எடுத்து, ஆணியால் கீறியும் வையுங்கள். அடிப்பட்டையில் ஒரு பிஞ்ச் போல்ட்டும், பட்டையைப் பிளாக்கில் பிடிக்கும் இரண்டு ஸ்க்ரூவும் இருக்கும். அந்த இரண்டு ஸ்க்ரூவை மட்டும் கழற்றுங்கள். பிஞ்ச் போல்ட்டைத் தொட்டால் டைமிங் போய்விடும். வெளியே எடுத்தபின் எஞ்சினை யாரும் சுற்றக் கூடாது.

கீழே உள்ள டாக்கை ஒரு குறுக்கு ஆணி பிடித்திருக்கும். அதைத் தட்டி எடுக்குமுன் டாக், ஷாஃப்ட், ரோட்டரின் வெட்டு மூன்றும் ஒன்றுக்கொன்று எப்படி நிற்கின்றன என்று குறியுங்கள். டாக்கின் நாக்கு நடுவில் இல்லாமல் ஒரு பக்கமாக ஒதுங்கியிருப்பதால் எஞ்சினில் ஒரே விதமாகத்தான் உட்காரும். திருப்பிக் கோர்க்கும்போது டாக்கை ஷாஃப்டில் 180 டிகிரி மாற்றிப் போட்டுவிட்டால், எல்லாம் பொருந்தும், வண்டி மட்டும் பிடிக்காது. கார்புரேட்டர் வழியாகப் பேக் ஃபயர் அடிக்கும்.

புது புஷ் துளை நிறைந்த வெண்கலம். எண்ணெயைக் குடித்து வைத்துக்கொள்ளும் வகை. போடுமுன் மெல்லிய எஞ்சின் ஆயிலில் 24 மணி நேரம் முழுக ஊற வைக்க வேண்டும். அவசரம் என்றால் ஆயிலை 100 டிகிரிக்குச் சூடாக்கி 2 மணி நேரம். ஊறாமல் போட்ட புஷ் சீக்கிரமே ஷாஃப்டைத் தின்றுவிடும். ஷாஃப்டே படி விழுந்து தேய்ந்திருந்தால் புஷ் மாற்றிப் பயனில்லை, வேறு ஷாஃப்ட் பாருங்கள்.

கோர்க்கும்போது ரோட்டருக்கு அடியில் தெரியும் நடு ஸ்க்ரூவின் மேல் இரண்டு சொட்டு ஆயில், வெயிட்டுகளின் ஆணிக்கு ஒவ்வொரு சொட்டு, கேம் முகத்தில் நகக்கண் அளவு கிரீஸ். அதற்கு மேல் வேண்டாம். கூடினால் பாயிண்ட்டில் தெறித்து நீலமாகக் கருகும்.

பாயிண்ட், கண்டன்சர், ரோட்டர்

புதுப் பாயிண்ட்டின் முகத்தில் துருப்பிடிக்காமலிருக்கத் தடவிய படலம் இருக்கும். பெட்ரோல் தொட்ட துணியால் துடைத்துவிட்டு மாட்டுங்கள். ஸ்பிரிங்கைப் பிடிக்கும் சின்ன ஆணியில் புதியவர்கள் மாட்டிக்கொள்வார்கள். கண்டன்சர் வயரும் காயிலிலிருந்து (12 வோல்ட்டை ஸ்பார்க்குக்கான உயர் வோல்ட்டாக்கும் சுருளிலிருந்து) வரும் வயரும் பாயிண்ட்டின் ஸ்பிரிங்கைத் தொட வேண்டும். ஆணியையோ தட்டையோ தொடக் கூடாது. அதற்காகத்தான் அந்தப் பிளாஸ்டிக் குழலும் ஃபைபர் வாஷரும். ஒரு வாஷரை மேல் கீழ் மாற்றினாலும் கரண்ட் நேராக எர்த் ஆகி, ஸ்பார்க் சுத்தமாக நின்றுவிடும்.

கண்டன்சரின் அளவு 0.18 முதல் 0.25 மைக்ரோஃபேரட். இப்போது வரும் கண்டன்சர்களின் தரம் நம்பும்படி இல்லை, சூட்டில் போய்விடுகின்றன. எஸ்.பி. ரோட்டில் 0.22 மைக்ரோஃபேரட், 630 வோல்ட் பாலிப்ரொப்பிலின் கெபாசிட்டர் கிடைக்கும். அதை ஒரு சின்ன டப்பாவில் வைத்துப் பசை ஊற்றி, காயிலுக்குப் பக்கத்தில் சூடு படாத இடத்தில் மாட்டி, ஒரு முனையைப் பாயிண்ட் பக்க டெர்மினலிலும் மறுமுனையை எர்த்திலும் கொடுங்கள். பாயிண்ட் திறக்கும் கணத்தில் காயிலின் பிரைமரிச் சுருளில் 300 வோல்ட்டுக்கு மேல் எழும்பும் என்பதால் குறைந்த வோல்ட் கெபாசிட்டர் தாங்காது.

ரோட்டரில் மேலே பித்தளைத் தகட்டை ஆணியடித்துப் பிடித்திருந்தால் கவனம். அந்த ஆணியின் அடிமுனைக்கும் உள்ளிருக்கும் ஷாஃப்டுக்கும் நடுவே மெல்லிய பிளாஸ்டிக்தான். சூடானதும் அது வழியாக ஸ்பார்க் உள்ளே இறங்கிவிடும். வண்டி நடுரோட்டில் நிற்கும், ஆறியதும் ஓடும். சோதிக்க, கேப்பை எடுத்துவிட்டு, காயிலின் ஹெச்டி (உயர் வோல்ட்) வயரை இன்சுலேட் செய்த இடுக்கியால் பிடித்து ரோட்டரின் நடுத் தகட்டுக்கு அரை சென்டிமீட்டர் மேலே நிறுத்தி, செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். ஸ்பார்க் பாய்ந்தால் ரோட்டர் கசிகிறது. ஆணி இல்லாத ரோட்டர் கிடைத்தால் அதையே வாங்குங்கள்.

கேப்பின் உட்பக்கத்தில் பென்சில் கோடு போல மயிரிழைக் கறுப்புக் கோடு தெரிந்தால், துடைத்தால் போகாது. அது கரிந்த பாதை. மழைக்காலத்தில் சுரங்கப்பாதைத் தண்ணீரில் ஒருமுறை இறங்கி ஏறினாலே இது வெளிப்பட்டுவிடும். கேப்பை மாற்றுங்கள்.

எலக்ட்ரானிக் மாட்யூல்

வாங்குமுன் இரண்டு விஷயம். ஒன்று, உங்கள் வண்டி நெகட்டிவ் எர்த்தா, பாசிட்டிவ் எர்த்தா? மோரிஸ் மைனர் போன்ற பழைய பிரிட்டிஷ் வண்டிகள் பாசிட்டிவ் எர்த். பேட்டரியின் எந்த முனை பாடியில் இறங்குகிறது என்று பாருங்கள். மாட்யூலை அதற்கேற்ற வகையில்தான் வாங்க வேண்டும். மாற்றிக் கொடுத்தால் சாவி போட்ட கணத்தில் எரியும். இரண்டு, காயிலின் இரண்டு சின்ன டெர்மினலுக்கு நடுவே ஓம் பாருங்கள். சுமார் 3 ஓம் இருந்தால் நல்லது. 1.5 ஓம் காயில், கரண்ட்டைக் குறைக்க முன்னால் மாட்டும் பாலாஸ்ட் ரெசிஸ்டருக்காகச் செய்தது. நேராகக் கொடுத்தால் சாதாரண மாட்யூல் சூட்டில் போய்விடும்.

பாயிண்ட்டையும் கண்டன்சரையும் எடுங்கள், எர்த் வயரை அப்படியே விட்டுவையுங்கள். காந்த வளையத்தைக் கேமின் மேல் அழுத்தி, மாட்யூலைத் தட்டில் ஸ்க்ரூ செய்து, இரண்டுக்கும் நடுவே கிட்டில் சொன்ன இடைவெளி வையுங்கள். வயருக்குக் கொஞ்சம் தளர்ச்சி கொடுக்க வேண்டும். வேக்குவம் குழாயை வாயால் உறிஞ்சிப் பாருங்கள். தட்டு நகரும்போது வயர் இழுபடவோ ரோட்டரில் உரசவோ கூடாது. நெகட்டிவ் எர்த் வண்டியில் வழக்கமாகச் சிவப்பு வயர் சாவி போட்டதும் முழு 12 வோல்ட் வரும் முனைக்கு, கறுப்பு காயிலின் நெகட்டிவுக்கு. ஹெச்டி வயர்கள் உள்ளே வெறும் செம்பாக இல்லாமல் ரெசிஸ்டன்ஸ் உள்ள வகையாக இருக்கட்டும். இல்லாவிட்டால் அலைத்தொல்லையில் மாட்யூல் தடுமாறும்.

மாட்யூல் சுடும் கணம் பாயிண்ட் திறந்த கணத்தோடு ஒத்துவராது. எனவே டைமிங்கை மறுபடி முதலிலிருந்து வைக்க வேண்டும். எஞ்சின் ஓடாமல் சாவியைப் போட்டுவைத்துப் பாட்டுக் கேட்பதை நிறுத்திவிடுங்கள்; காயிலும் மாட்யூலும் வெந்துபோவது பெரும்பாலும் அப்படித்தான். இடைவெளியைச் சரிசெய்து வைத்த பழைய பாயிண்ட், கண்டன்சர், ஒரு ஸ்க்ரூடிரைவர் மூன்றையும் டிக்கியில் ஒரு டப்பாவில் போட்டுவையுங்கள். மாட்யூல் போனால் முன்னறிவிப்பு இல்லாமல் போகும். பாயிண்ட் இருந்தால் சாலையோரத்திலேயே மாற்றிக்கொண்டு வீடு வந்து சேரலாம்.

டைமிங் வைப்பதும் பெங்களூரு உயரமும்

பாயிண்ட் வண்டியில் முதலில் டெஸ்ட் லேம்ப். கம்ப்ரெஷனில் 1ஆம் சிலிண்டர், புல்லி அடையாளம் கையேட்டில் சொன்ன டிகிரியில். 12 வோல்ட் பல்பை டிஸ்ட்ரிபியூட்டர் டெர்மினலுக்கும் எர்த்துக்கும் நடுவே கொடுத்து, சாவி போட்டு, பிஞ்ச் போல்ட்டைத் தளர்த்துங்கள். உடம்பைக் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் திருப்பினால் பல்ப் அணையும். பிறகு கடிகாரத் திசையில் மெல்ல மெல்ல. பல்ப் எரியும் கணத்தில் நிறுத்தி முடுக்குங்கள். வண்டி பிடித்து எஞ்சின் சூடானதும் டைமிங் லைட்டால் சரிபார்க்கலாம். எலக்ட்ரானிக் என்றால் இதே இடத்தில் உத்தேசமாக வைத்து ஸ்டார்ட் செய்து, லைட்டிலேயே முடியுங்கள்.

பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர், ஏறக்குறைய 3000 அடி. ஆயிரம் அடிக்கு ஏறக்குறைய 1 அங்குலம் வேக்குவம் குறையும். கடலோரத்தில் 18 அங்குலம் காட்டும் எஞ்சின் இங்கே 15தான் காட்டும். அதை எஞ்சின் கோளாறு என்று நினைத்துப் பிரிக்க வேண்டாம். இதனால் 17 அங்குலத்தில் முழுதாக நகரும் வேக்குவம் டப்பா இங்கே முழு நகர்வுக்கு வராது. சிலிண்டரில் நிறையும் காற்றும் குறைவு என்பதால் நாக்கிங்கும் குறைவு. கையேட்டில் உள்ளதைவிட 2 டிகிரி கூட்டி வைத்தால் இங்கே வண்டி இன்னும் துடிப்பாக ஓடும்.

நாக்கிங் சோதனையை நந்தி மலையில் செய்யாதீர்கள். அங்கே உயரம் 1478 மீட்டர். காற்று இன்னும் மெலிந்திருப்பதால் தப்பான டைமிங்கும் அமைதியாக ஏறிவிடும். எஞ்சின் நன்றாகச் சூடேறியபின், நகருக்குள் ஒரு மேம்பால ஏற்றத்தில், டாப் கியரில் 40 கிலோமீட்டர் வேகத்தில் ஆக்சிலேட்டரை முழுதாக அழுத்துங்கள். சில்லறை குலுக்கினாற்போல் லேசாக ஒரு நொடி கேட்டு நின்றால் விளிம்பில் இருக்கிறீர்கள். 1 டிகிரி குறையுங்கள். தொடர்ந்து கேட்டால் 3 டிகிரி குறைத்து மறுபடி ஏற்றுங்கள்.

இங்கே கச்சிதமாக இருக்கும் அந்த டைமிங், கிருஷ்ணகிரி இறங்கி வேலூர் வழியாகச் சென்னை போகும்போது அடிக்கத் தொடங்கும். கீழே காற்று அடர்த்தி, கூடவே வெயில். பல்வெட்டிய நட்டின் பயன் இங்கேதான். அதில் சுமார் 11 கிளிக் 1 டிகிரி. ஹோசூரில் காபிக்கு நிறுத்தும்போது பானட்டைத் திறந்து, ஆர் என்று அம்புக்குறி காட்டும் பக்கம் 22 கிளிக் திருப்புங்கள். ஸ்பேனரும் வேண்டாம், லைட்டும் வேண்டாம். எத்தனை கிளிக், எந்தப் பக்கம் என்று பானட்டின் உட்புறத்தில் ஒட்டிய காகிதத்தில் எழுதிவையுங்கள். திரும்பி வரும்போது அதே ஹோசூரில் ஏ பக்கம் 22.